பால்மரத்தின் ரண சிகிச்சை

ரப்பர் மரத்தின் பட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பவருக்கு, வெளியே சொரசொரப்பான தக்கைத் தோலும், அதனுள் கரகரவென்று கடினமான ஓர் அடுக்கும், அதற்கும் உள்ளே பால் நாளங்கள் செறிந்த மென்பட்டையும், எல்லாவற்றுக்கும் கடைசியில், கட்டையை ஒட்டினாற்போல், மிக மெல்லிய வளர்படலமும் வரிசையாக அமைந்திருப்பது புலப்படும். மரத்தின் ஜீவன் இந்தப் படலத்தில்தான் இருக்கிறது. வெளிப்புறம் புதுப் பட்டையையும் உட்புறம் புதுக் கட்டையையும் உண்டாக்குவது அதுவே. ஆனால் பால் மிகுதியாக ஓடும் நாளங்களும் அதற்கு வெகு அருகிலேயே அமைந்திருப்பதால், பாலை விரும்புபவர் கத்தியை எவ்வளவு ஆழமாகச் செலுத்துகிறாரோ அவ்வளவுக்கு மரத்தின் உயிருக்கு அபாயம் நெருங்குகிறது. படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இப்பால் கத்தி நின்றுவிட்டால் மரம் பிழைத்தது. அதைக் கடந்து கட்டையைத் தொட்டுவிட்டாலோ, அவ்விடத்தில் ரணம் உண்டாகி, அது ஆறிய பின்னும் பட்டை முண்டும் முடிச்சுமாகத் தடித்து, மறுபடி அங்கே கத்தி ஓடாமலே போய்விடும்.

மலாயாவின் சிரம்பான் நகரைச் சுற்றி லாபு, ரந்தாவ், சிலியாவ், மந்தின், நீலாய் என்று விரிந்து கிடந்த தோட்டங்களில், விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பார் என்னும் ரப்பர்க் காட்டுக்குள் நுழைந்த தமிழ் ஆண்களும் பெண்களும், நாளொன்றுக்கு 300, 400 மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கைப்பழக்கத்தால் மட்டுமே காப்பாற்றி வந்தார்கள். ரப்பரின் சரித்திரத்தை எழுதியவர்கள் தாவர சாஸ்திரிகளைப் பற்றியும், கம்பெனிகளைப் பற்றியும், லண்டன் சந்தையின் விலை ஏற்ற இறக்கங்களைப் பற்றியும் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த மரங்கள் எவ்வாறு நோயுற்றன, எவருடைய கைகள் அவற்றைத் தேற்றின, தேற்றிய மருந்துகளில் உண்மையில் பலித்தது எது என்னும் விஷயங்களுக்கு அந்த நூல்களில் கிடைத்திருக்கும் இடம் சொற்பம். நோயுற்ற விருட்சத்தைப் பேணுவது எந்த நாட்டிலும் பெருமைக்குரிய கலை. மலாயாவில் அந்தக் கலையைக் கூலிக்குச் செய்தவர்கள் நம்மவர்கள் என்பதால், அதன் பழைய கதையை நாம் தெரிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறேன்.

இந்த மரம் இந்த மண்ணுக்கு உரியதன்று. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தப்பஜோஸ் நதிப் பிரதேசத்திலிருந்து கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 விதைகளில், லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் முளைத்தவை 3,000க்கும் குறைவே. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன் பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்த மரத்தைப் பொருட்படுத்தியவர் வெகு சிலர். அக்காலத்தில் சிரம்பான் ஈயத்தால் வாழ்ந்த ஊர். ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசெல்லவே 1891இல் சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே ரயில் பாதை போடப்பட்டது. காடழித்துப் பயிரிட்ட வெள்ளைக்காரத் துரைமார்கள் காப்பியையே நம்பியிருந்தனர். இலங்கையில் 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் காப்பித் தோட்டங்கள் பாழானதைக் கண்ணால் கண்டு, மலாயாவுக்குக் குடிபெயர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் காப்பியின் விலையும் வீழ்ந்துவிடவே, வேறு வழியின்றி ரப்பரின் பக்கம் திரும்பினார்கள். ஒரு பயிரின் நோயையும் வீழ்ச்சியையும் விட்டு ஓடிவந்தவர்கள், இன்னொரு பயிரின் நோய்களை நோக்கி வந்து சேர்ந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பிரேசில் காடுகளில் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுப்பது வழக்கம். கோடரி கட்டை வரை இறங்குவதால், சில ஆண்டுகளில் அடிமரம் முழுதும் வடுக்களால் நிறைந்துவிடும். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, பலமுறை சோதித்துக் கண்ட வழி முற்றிலும் வேறானது. பட்டையில் ஒரு சாய்கோட்டை வெட்டி, மறுமுறை புதிதாக வேறிடத்தில் வெட்டாமல், அதே கோட்டின் கீழ் விளிம்பிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுத்தால், பால் நிற்காமல் வருவதோடு முன்னைவிட அதிகமாகவும் வருகிறது. கத்தி கட்டையைத் தீண்டாததால் மேலே விட்டுவந்த இடத்தில் புதுப் பட்டையும் வளர்ந்துவிடுகிறது. இந்த உண்மையைப் பிடிவாதமாக எடுத்துச் சொல்லிச் சொல்லியே பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வாங்கிய அம்மனிதர், நூறு வயது வாழ்ந்து 1956இல் காலமானார். அவர் கண்டுபிடித்தது ஒரு வெட்டு முறை என்று எல்லோரும் எழுதுகிறார்கள்; என் கருத்தில் அவர் கண்டுபிடித்தது ரணம் ஆறும் முறை. காயத்தை ஆற்றிக்கொள்ளும் சக்தி மரத்துக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவுக்குள் அடங்கி வெட்டினால் முப்பது ஆண்டுகள் பால் எடுக்கலாம் என்பதுதான் அவர் போதனையின் சாரம்.

அந்தக் கணக்கு வெகு எளிது. ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டினால் மாதத்துக்குப் பட்டையில் ஏறத்தாழ ஓர் அங்குலம் தேயும்; மழை நாட்களும் இலையுதிர் காலமும் போக, ஆண்டுக்குப் பத்து அங்குலம். தரையிலிருந்து 50 அங்குல உயரத்தில் தொடங்கிய கோடு அடிமரத்தை வந்தடைய ஐந்து ஆண்டுகள் ஆகும். பிறகு மரத்தின் மறுபக்கத்தில் இன்னோர் ஐந்து ஆண்டுகள். அதற்குள் முதலில் வெட்டிய பக்கத்தில் புதுப் பட்டை வேண்டிய கனத்துக்கு வளர்ந்திருக்கும். அதில் மறுபடி வெட்டலாம். பால் நாளங்கள் நேரே மேலெழாமல் சற்று வலப்புறம் சாய்ந்து செல்வதால், இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் கோடே அதிக நாளங்களை அறுக்கும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. பட்டைதான் தோட்டத்தின் மூலதனம். அதை வட்டிக்கு மேல் எடுத்தால் முதலே கரைந்துபோகும்.

கரையத்தான் செய்தது. மோட்டார் வண்டியின் சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியிருந்த வேகத்தில், 1910இல் லண்டனில் ஒரு ராத்தலின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டிற்று. 1907இல் தொடங்கப்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதியின் துணையோடு, கங்காணிமார்கள் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். நெல்லையும் கேழ்வரகையும் அறிந்திருந்த அந்தக் கைகளுக்குப் பால்வெட்டு முற்றிலும் புதிய தொழில். பழகுவதற்கென்று உதவாத கிழட்டு மரங்களைக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரங்களில் நிரை என்னும் மரவரிசையில் இறக்கிவிடுவார்கள். மீன் முள்ளைப்போல் ஒரே மரத்தில் பல கோடுகளைக் கிழித்து, ஒருநாள் விடாமல் அன்றாடம் வெட்டச் சொன்ன காலம் அது. கத்தி ஆழமாய்ப் போனால் காயம் என்று கங்காணி கூலியில் கழிப்பார். ஆழம் போதாமல் பால் குறைந்தால் பால் ஸ்டோரில் எடை பார்க்கும் குமாஸ்தாவான கிராணி கணக்குக் கேட்பார். இந்த இரண்டு தண்டனைகளுக்கும் நடுவில் வெட்டுகிறவரின் கை ஒரு சமநிலையைத் தானாகவே கற்றுக்கொண்டது. அந்த வித்தையை எந்தக் கைநூலும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை; பட்டையைச் சீவும்போது எழும் ஓசையிலும், கத்தியில் தட்டுப்படும் கடினத்திலும், வெட்டுவாயில் பால் துளிர்க்கும் வேகத்திலும் இருந்து அவர்களே படித்துக்கொண்டார்கள்.

விருட்சங்களுக்கும் வியாதி உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு என்பது நம் முன்னோர் நன்கறிந்த செய்தி. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிஹிரர் தம் பிருஹத் சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். இலை வெளுத்தல், துளிர் நின்றுபோதல், கிளை வறளுதல், சாறு வழிதல் ஆகியவற்றை அவர் மரநோயின் அறிகுறிகளாகக் கூறி, கெட்ட பாகத்தை முதலில் ஆயுதத்தால் அகற்றி, பின் வாய்விளங்கத்தையும் நெய்யையும் சேற்றையும் குழைத்துப் பூசி, பால் கலந்த நீரை வேருக்கு வார்க்கும்படி விதிக்கிறார். சாறு வழிவது அவருக்கு நோயின் அடையாளம். மலாயாத் தோட்டங்களிலோ அந்தச் சாற்றை வழியவைப்பதே தொழிலாயிற்று. ஆரோக்கியமான மரத்தைத் தினந்தோறும் நோயின் வாசல் வரை அழைத்துச் சென்று திருப்பிக் கொண்டுவரும் இத்தகைய பயிர்த்தொழில் உலகில் வேறு அதிகம் இல்லை. ஆயினும் சிகிச்சையின் முறை பெரிதும் மாறவில்லை என்பதைக் காணும்போது வியப்பு உண்டாகிறது. கெட்டதை அகற்று, பூச்சுப் போடு, பிறகு விட்டுவிடு என்னும் அதே கிரமத்தைத்தான் 1920களின் ரப்பர் நிபுணர்களும் அனுசரித்தார்கள். களிமண்ணையும் பசுஞ்சாணத்தையும் குழைத்துக் காயத்தில் அப்புவதும் பழைய தோட்டங்களில் வழக்கில் இருந்தது.

முதல் பெரிய எச்சரிக்கை முதலாம் உலகப்போரின் கடைசி ஆண்டுகளில் வந்தது. சில மரங்களில் வழக்கத்துக்கு மாறாகப் பால் மிகுதியாகப் பெருகி, பால் பிடிக்கும் மங்கு நிறைந்து, வெட்டு முடிந்து நெடுநேரம் ஆனபின்னும் சொட்டிக்கொண்டே இருக்கும். புதிதாய் வந்தவர்கள் அதைக் கண்டு மகிழ்வார்கள். அனுபவசாலிகளோ மரத்துக்குக் கேடு வந்துவிட்டது என்று அறிவார்கள். சில வாரங்களில் பால் நீர்த்து, கோட்டின் ஒரு பகுதி வறண்டு, சீவிய இடத்தில் பழுப்பு நிறக் கறை தென்படும். பின்னர் மரத்தில் பாலே வற்றிப்போகும். பழுப்புப் பட்டை நோய் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். இதற்குக் காரணமான கிருமியை விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் தேடினார்கள், கிடைக்கவில்லை. வரம்பு மீறி வெட்டுவதால், இழந்த பாலை ஈடு செய்ய முடியாமல் மரத்தின் உட்செயல் நிலைகுலைவதே காரணம் என்ற முடிவுக்குக் கடைசியில் வந்தார்கள்.

இதற்குச் செய்த சிகிச்சையை நினைத்தால், அதைச் செய்த கைகளின் நுட்பம் விளங்கும். கறைபடிந்த பட்டையை மட்டும், அடியிலுள்ள வளர்படலம் வெளியே தெரிந்துவிடாதபடி, மேலிருந்து அடுக்கடுக்காகச் சுரண்டி எடுக்க வேண்டும். கறை பரவாதிருக்க நோயுற்ற இடத்தைச் சுற்றிக் கட்டை வரை ஒரு பள்ளக்கோடு வெட்டி, நல்ல பட்டையிலிருந்து அதைப் பிரித்துவிட வேண்டும். சுரண்டிய இடத்தை வெயிலிலிருந்து காக்க வேண்டும். சில தோட்டங்களில் தாரும் பூசினார்கள். ஆயிரக்கணக்கான மரங்களில் இவ்வாறு செய்தபோது, கருத்தரங்குகளில் பேசப்பட்டவை முறைகளின் பெயர்கள். கையில் சுரண்டியைப் பிடித்து மரத்தின் முன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. இவ்வளவும் செய்த பின் அந்த மரம் பிழைத்தால், பிழைக்க வைத்தது சுரண்டலா, தாரா, அல்லது அந்த மாதங்களில் அதன்மேல் கத்தி படாமல் இருந்ததா என்ற கேள்விக்கு அன்று தெளிவான விடை இல்லை. கத்தி படாமல் இருந்ததே முதன்மையானது என்று நான் துணிந்து சொல்வேன். பின்னால் நடந்தவை அதற்குச் சாட்சி.

மழைக்காலத்தில் வேறு விதமான பீடைகள் வந்தன. வெட்டுக்கோட்டின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்து, பட்டையை அழுக வைத்து, கட்டை வரை தின்றுவிடும் பட்டைப் பூஞ்சண நோய், ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு வெட்டுக்கத்தியின் வழியாகவே பரவிற்று. ஒரு நிரையின் முதல் மரத்தில் இருந்த நோய், மறுநாளுக்குள் கடைசி மரம் வரை போய்விடும். ஆகையால் கத்தியை ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் கிருமிநாசினியில் தோய்ப்பதும், வெட்டி முடித்தவுடன் கோட்டுக்கு மேலே மருந்து பூசுவதும், நோய் கண்ட தீம்பாரில் வெட்டை நிறுத்துவதும் ஏற்பாடாயின. கருங்கோட்டு நோயும் இதைப் போன்றதே. பட்டைக்கடியில் நெட்டுக்கு நெட்டாகக் கறுத்த கோடுகளாகத் தெரியும் அதைப் பால் வெட்டுகிறவரின் கண்ணே முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. துரையோ கிராணியோ காண்பதற்குள் காலம் கடந்துவிடும்.

வேரைப் பிடிக்கும் நோய் இவற்றினும் கொடியது. காட்டை அழித்தபோது மண்ணுக்குள் விட்டுவைத்த பழைய மரங்களின் அடிக்கட்டைகளில் உயிர்வாழ்ந்த காளான், வெண்ணிற நூல்களாக ரப்பர் வேர்களைப் பற்றிக்கொண்டு ஏறும். ரிட்லி இதை 1904லேயே சிங்கப்பூரில் இனங்கண்டு எழுதியிருந்தார். இலை மங்குவது வெளியில் தெரியும்போது வேர் ஏற்கெனவே போயிருக்கும். அதனால் வெளிக்காட்டு வேலைக்காரர்கள் மண்வெட்டியோடு மரத்துக்கு மரம் சென்று, அடிக்கழுத்தின் மண்ணைத் திறந்து, வெள்ளை நூல் ஓடியிருக்கிறதா என்று பார்த்து, பிடித்த வேரை வெட்டி எரித்து, சுற்றிலும் அகழி தோண்டி, மறுபடி மூடிவைப்பார்கள். கிளைக் கவடுகளில் இளஞ்சிவப்பாகப் படியும் இன்னொரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை நல்ல மருந்து. ஆனால் செம்பின் அம்சம் பாலில் சேர்ந்தால் ரப்பர் பிசுபிசுத்துக் கெட்டுவிடும் என்பதால், பால் வெட்டத் தொடங்காத இளமரங்களுக்கு மட்டுமே அதைப் பிரயோகிக்க முடிந்தது.

இந்த அனுபவங்களெல்லாம் நூல்களாகவும் வெளிவந்தன. இலங்கையில் பெட்ச் என்பவர் 1921இலும், மலாயாவில் ஷார்ப்பிள்ஸ் என்பவர் 1936இலும் ரப்பர் மரத்தின் நோய்களைப் பற்றி எழுதிய பெருநூல்கள் நெடுங்காலம் பிரமாணமாக விளங்கின. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. சிரம்பானிலேயே கத்ரி கம்பெனியின் செமாரா ஆராய்ச்சி நிலையம் பின்னாளில் இயங்கிற்று. ஜாவாவில் டச்சுக்காரர்கள் கண்ட மொட்டு ஒட்டு முறை பரவி, பால் மிகுந்த தாய்மரத்தின் மொட்டை நாற்றில் ஒட்டி வளர்க்கும் ஒட்டுமரங்கள் தோட்டங்களை நிறைத்தன. ஜாவாவின் ஒரு வகையையும், இன்றைய புத்ராஜெயா இருக்கும் இடத்திலிருந்த பிராங் பெசார் தோட்டத்தின் வகையையும் கலந்து உண்டாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற இனம் உலகப் புகழ் பெற்றது. பாலில் அது தாராளம். இளஞ்சிவப்பு நோய்க்கும் கருங்கோட்டு நோய்க்கும் இடங்கொடுப்பதிலும் தாராளம்.

நோயுற்ற மரத்தைத் தேற்ற வேறொரு வழியும் உண்டு. ஜப்பானியர் சிறு தொட்டிக்குள் நூற்றாண்டுக்கணக்கில் மரங்களை வளர்க்கும் போன்சாய்க் கலையில், மரம் நோயுற்றால் முதலில் செய்வது, எதையும் செய்யாமல் நிறுத்துவதுதான். கிளையைக் கத்தரிப்பதில்லை, கம்பி சுற்றுவதில்லை, பலவீனமான வேருக்கு உரம் இடுவதில்லை, நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டு, கடும் வெயிலிலிருந்து ஒதுக்கி வைத்து, மரம் தன் இஷ்டத்துக்குத் துளிர்த்து வளரும்படி ஓராண்டோ ஈராண்டோ விட்டுவிடுவார்கள். 1625 முதல் பயிற்றப்பட்டு, யாமாக்கி குடும்பத்தாரிடம் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோதும் பிழைத்து, 1976இல் அமெரிக்காவுக்கு நன்கொடையாகச் சென்ற ஊசியிலை மரம் ஒன்று இன்றும் வாஷிங்டனில் இருக்கிறது. பேணியவர்களின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. இப்படிக் காத்திருக்கும் பாக்கியம் தோட்டத்து மரத்துக்குக் கிடையாது. பங்குதாரருக்கு ஆண்டுதோறும் லாபம் வேண்டும். ஆகவே பூச்சும் தாரும் கிருமிநாசினியும் தாராளமாகக் கிடைத்தன, ஓய்வு மட்டும் கிடைக்கவில்லை.

ஓய்வு இருமுறை கிடைத்தது. இருமுறையும் அது மரத்தின் நன்மையை எண்ணி அளிக்கப்பட்டதன்று. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போகவே, 1930 மே மாதம் முழுவதும் பால்வெட்டை நிறுத்துவது என்று தோட்டக் கம்பெனிகள் கூடி முடிவு செய்தன. அதன் பின்னும் பல தோட்டங்களில் பகுதி பகுதியாக மரங்களுக்கு ஓய்வு கொடுத்து, மாற்றி மாற்றி வெட்டினார்கள். 1934இல் வந்த சர்வதேச ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் உற்பத்திக்கு வரம்பு விதித்தது. பட்டை தடித்தது, மரம் தேறியது. அதே ஆண்டுகளில், மரத்துக்குத் தேவைப்படாத கைகள் ஊருக்கும் தேவைப்படவில்லை. 1930 முதல் 1932 வரையிலான காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரே நிரையை வெட்டி, எந்த மரத்தில் எந்தப் பக்கம் முடிச்சு இருக்கிறது என்பதை இருட்டில் தடவியே சொல்லக்கூடியவர்கள், குடியிருந்த லயத்தைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறினார்கள்.

இரண்டாவது ஓய்வு இதைவிடப் பயங்கரமானது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை சிரம்பானுக்குள் புகுந்தது. உலகச் சந்தை அறுந்துபோய், ரப்பருக்குக் கேட்பாரில்லை. தோட்டங்களின் சில பகுதிகளில் மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டார்கள். எஞ்சிய தீம்பார்களில் புல்லும் செடியும் ஆளுயரம் மண்டின. கோடுகள் மூடி ஆறின. அந்தத் தீம்பார்களை வெட்டியவர்களில் ஏராளமானோரைச் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடுவதற்கென்று பிடித்துச் சென்றார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவாலும், மலேரியாவாலும், பட்டினியாலும் அந்தக் காட்டிலேயே மடிந்தார்கள். போர் முடிந்து தோட்டங்களைத் திறந்தபோது, மூன்றரை ஆண்டுகள் கத்தி படாதிருந்த பட்டை கனத்து, மென்மையாக, பால் நிறைந்து நின்றது. 1947இல் மலாயாவின் ரப்பர் உற்பத்தி போருக்கு முந்திய அளவுகளையே மிஞ்சிற்று. விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்தும் எட்டாத பரிசோதனையை யுத்தம் நடத்திக் காட்டிவிட்டது என்று மகிழ்ந்து எழுத இடமுண்டு. அந்தப் பரிசோதனைக்கு விலை கொடுத்தவர்களை எண்ணும்போது என்னால் அவ்வாறு எழுத முடியவில்லை.

போருக்குப் பின், சிரம்பான் அடங்கிய நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தோட்டங்களில் தொழிலாளர் சங்கங்கள் வலுப்பெற்றன. இங்கே சங்கப் பணியில் உருவான பி.பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து உண்டான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை நெடுங்காலம் வகித்தார். கூலி, விடுமுறை, மழை நாள் வேலை என்று மனிதரின் ஓய்வைப் பற்றி அந்தச் சங்கம் பேசிய காலத்திலேயே, மரத்தின் ஓய்வைக் குறைக்கும் புதிய மருந்துகள் வந்து சேர்ந்தன. 1950களில், களைக்கொல்லியாகப் பயன்பட்ட ஒரு ரசாயனத்தைச் செம்பனை எண்ணெயில் குழைத்துச் சுரண்டிய பட்டையில் பூசினால் பால் பெருகும் என்று கண்டார்கள். 1970களில் எத்தபோன் என்ற மருந்து பரவிற்று. மரம் தானே காயத்தின்போது உண்டாக்கும் எத்திலீன் வாயுவை இது பட்டைக்குள் வெளிவிட்டு, பால் உறைந்து நாளம் அடைபடாமல் தடுக்கிறது. அளவாகப் பூசி, வெட்டையும் குறைத்தால் இது நல்ல உதவி. அளவு மீறிப் பூசிய இடங்களில் பழைய பழுப்புப் பட்டை நோய் புதிய பெயரோடு திரும்பி வந்தது. வெட்டுவாய் வறட்சி என்று இன்று அதைக் குறிப்பிடுகிறார்கள். அதற்கு நிச்சயமான மருந்து இன்னமும் இல்லை. வெட்டை நிறுத்தி மரத்தை விட்டுவைப்பதையே இன்றைக்கும் முதல் யோசனையாகச் சொல்கிறார்கள்.

சிரம்பான் வட்டாரத்தில் ரப்பர் நின்ற தோட்டங்களில் பெரும்பகுதி பிறகு செம்பனைக்கு மாறியது. செந்தாயான் போன்ற இடங்களில் தோட்ட நிலங்கள் வீட்டு மனைகளாகி, லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனாலும் கோலா பிலா, ஜெம்போல், தம்பின் பக்கங்களில் சிறு தோட்டக்காரர்களிடம் ரப்பர் மரங்கள் இன்னும் நிற்கின்றன. அண்மை ஆண்டுகளில் பெஸ்டலோட்டியோப்சிஸ் என்ற காளானால் வரும் புதிய இலையுதிர் நோய் அவற்றை வாட்டுகிறது. பழைய நோய்களைப் பட்டையில் கண்டுபிடித்தது போல இதைக் கத்தியின் முனையில் கண்டுபிடிக்க இயலாது. உச்சந்தலையில் இலை உதிர்ந்து வெயில் உள்ளே விழுந்த பின்புதான் தெரியும்.

ஆராய்ச்சி நிலையத்தார் இப்போது மூன்று நாளைக்கு ஒரு முறை அல்லது நான்கு நாளைக்கு ஒரு முறை வெட்டும் முறையைப் பரிந்துரைக்கிறார்கள். பட்டை குறைவாகத் தேய்கிறது. மரம் வறள்வதும் குறைகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலும் பால் எடுக்கலாம் என்கிறார்கள். ரிட்லி சொன்ன எல்லைக்குள் வெட்டு இப்போதுதான் உண்மையாக வந்திருக்கிறது. இந்த முறை அறிமுகமானதற்கு முதற்காரணமாக அவர்களே எழுதி வைத்திருப்பது, மரத்தின் நலம் அன்று. அன்றாடம் வெட்டுவதற்குத் தேர்ந்த ஆட்கள் கிடைக்காமை.